சதுரங்கச் சாம்பியனின் பண்பை விவாத மேடையில் எடுத்துப் பேசுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவர் இருவரை மேடையில் ஏற்றிவிட்டால், இராமன் வாலியை மறைந்து நின்று எய்தது சரியா பிழையா என்ற வழக்கை எந்தப் பக்கத்தில் நின்றும் அரை மணி நேரம் நடத்திவிடுவார்கள். அதே இருவரிடம் ஓர் உலகச் சதுரங்கச் சாம்பியனின் நடத்தையைப் பற்றிக் கேட்டால், "அவர் பெரிய கெட்டிக்காரன்", "அவருக்குத் தலைக்கனம்" என்ற இரண்டு வாக்கியங்களோடு பேச்சு ஓய்ந்துவிடும். வாலி வழக்கில் செய்யுள் எல்லோருக்கும் பொதுவாக முன்னால் இருக்கிறது. சாட்சியத்தைத் தேட வேண்டியதில்லை. சாம்பியன் வழக்கிலோ சாட்சியத்தை நாமே தேடித் தொகுக்க வேண்டும். அது காணொளித் துண்டுகளாகவும் செய்தித் தலைப்புகளாகவும் யாரோ சொன்ன கதைகளாகவும் சிதறிக் கிடக்கும். அந்தத் தொகுப்பு வேலையையும் அதன் மேல் வாதத்தை எழுப்பும் வேலையையும் எப்படிச் செய்வது என்பதே இங்கு சொல்லப்படுகிறது. பாடசாலை விவாத அணியினர், அவர்களின் பொறுப்பாசிரியர்கள், சனசமூக நிலைய ஆண்டு விழாக்களில் நடுவராக அழைக்கப்படுவோர் ஆகியோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

தலைப்பை இறுக்குதல்

நோர்வே நாட்டு முன்னாள் உலகச் சாம்பியனைப் பற்றி, "மக்னஸ் கார்ல்சன் நற்பண்பு உடையவர்" என்று ஒரு தலைப்பு கையில் வந்தால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், ஏற்பாட்டாளரோடு பேசி ஒரு செயலுக்கோ ஒரு முடிவுக்கோ சுருக்கித் தருமாறு கேளுங்கள். ஒரு மனிதரின் முழு இயல்பையும் நாற்பது நிமிடத்தில் எடைபோட எவராலும் இயலாது. அவர் ஒரு நாள் ஓர் ஆட்டக் கூடத்தில் எடுத்த முடிவை எடைபோட இயலும். "2022 செப்டெம்பரில் சிங்ஃபீல்ட் கிண்ணப் போட்டியிலிருந்து கார்ல்சன் இடைநடுவில் விலகியது ஒரு சாம்பியனுக்குத் தகாது" என்பது விவாதிக்கத்தக்க தலைப்பு. 2024 டிசெம்பர் 31 அன்று நியூயோர்க்கில் கார்ல்சனும் ரஷ்யரான இயன் நெப்போம்னியாச்சியும் உலக பிளிட்ஸ் (மின்னல் வேக ஆட்டம்) பட்டத்தை இருவருக்கும் பொதுவாக்கிக்கொண்டது போட்டியின் மாண்பைக் குறைத்தது என்பதும் அப்படியே. 1975 இல் பொபி ஃபிஷர் தம் பட்டத்தைக் காத்து ஆட வராமல் விட்டது உலகச் சதுரங்கத்துக்குச் செய்த அநீதி என்பது இன்னொன்று.

தலைப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. பக்கம் பிரிப்பதற்கு முன்னர் அணியிலுள்ள எல்லோரும் இரு பக்கத்துக்கும் மும்மூன்று வாதங்களைத் தாளில் எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு மூன்றாவது வாதம் எவருக்குமே வரவில்லையென்றால் அந்தத் தலைப்பை மாற்றுவதே நல்லது.

இன்னாரா இன்னாரா என்ற ஒப்பீட்டுத் தலைப்பை, குறிப்பாக ஆனந்தா கார்ல்சனா என்பதை, நான் எங்கும் பரிந்துரைக்க மாட்டேன். விசுவநாதன் ஆனந்த் சென்னைக்காரர். 2024 டிசெம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனான குகேஷும் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். நம் சபையில் அவர்கள் பெயரைச் சொன்னவுடனே கைதட்டல் விழுந்துவிடும். அந்தக் கைதட்டலில் தவறில்லை. ஆனால் அதன் பிறகு எதிரணி பேசுவதை எவரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. பாசம் உள்ள பெயரைத் தலைப்பில் வைக்காமல், வாதத்துக்குள் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டுவருவதே நல்லது.

விதி, மரியாதை, இயல்பு

அடுத்த வேலை, குற்றச்சாட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரிப்பது. ஒரு செயல் சட்ட மீறலாக இருக்கலாம். சட்டம் தொடாத மரியாதைக் குறைவாக இருக்கலாம். அல்லது திரும்பத் திரும்ப நிகழ்ந்து அந்த மனிதரின் இயல்பைக் காட்டுவதாக இருக்கலாம். மூன்றுக்கும் வேண்டிய சாட்சியம் வேறு வேறு. சட்ட மீறலுக்கு விதியின் வாசகமும் நிகழ்வின் பதிவும் போதும். மரியாதைக் குறைவுக்கு அந்தக் கூடத்தின் வழக்கம் என்னவென்று காட்ட வேண்டும். இயல்பு என்று சொல்ல வேண்டுமானால், ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகளைப் பல ஆண்டு இடைவெளியில் எடுத்துக்காட்டியாக வேண்டும். ஒரு காணொளியைக் காட்டி "இவரது குணமே இதுதான்" என்று முடிப்பவர், முதல் வகைச் சாட்சியத்தைக் கொண்டு மூன்றாவது வகைத் தீர்ப்பை வாங்கப் பார்க்கிறார். எதிரணி முதலில் பிடிக்க வேண்டிய இடம் அதுவே.

இதைப் பயிற்சியில் விளக்க, 1994 இல் ஸ்பெயினின் லினாரஸ் நகரில் கரி கஸ்பரோவுக்கும் யூடித் போல்காருக்கும் நடந்த ஆட்டத்தைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. கஸ்பரோவ் அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். போல்காருக்குப் பதினேழு வயது. கஸ்பரோவ் ஒரு குதிரையை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தார். அந்த நகர்வு தமக்குப் பாதகம் என்று உடனே கண்டு, அதே குதிரையை எடுத்து வேறொரு கட்டத்தில் வைத்தார். முதற் கட்டத்தில் அவர் விரல்கள் காயைவிட்டு நீங்கினவா என்பதே கேள்வி. கையை எடுத்துவிட்டால் நகர்வு முடிந்தது, மாற்ற முடியாது. தொலைக்காட்சி ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழக் கால் விநாடி நேரம் விரல்கள் காயைவிட்டு நீங்கியிருந்தது தெரிந்தது. போல்கார் அந்த நேரத்தில் நடுவரிடம் முறையிடவில்லை, ஆட்டம் தொடர்ந்தது, கஸ்பரோவ் வென்றார். காயை விட்டதைத் தாம் உணரவில்லை என்பது அவர் பின்னர் தந்த விளக்கம்.

இப்போது மூன்று வகையையும் இதன் மீது வைத்துப் பாருங்கள். ஒளிப்பதிவின்படி விதி மீறப்பட்டது. அதில் விவாதிக்க அதிகம் இல்லை. முறையிடாமல் விட்டதால் விளைவு மாறவில்லை என்பதற்கும் சட்டத்தில் இடம் உண்டு: உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் இன்றைய சட்டங்களின் நான்காம் உறுப்பு, எதிராளி காய் தொடும் விதியை மீறினால், நாம் நம் காயை நகர்த்தும் எண்ணத்துடன் தொடுவதற்கு முன்னரே முறையிட வேண்டும், தொட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்கிறது. உலகின் முதல்நிலை ஆட்டக்காரரின் மீது அவர் முகத்துக்கு எதிரே முறையிட ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது மரியாதை பற்றிய வாதம். அதை ஆதரிக்கும் அணி நன்றாக வளர்க்கலாம். ஆனால் கஸ்பரோவ் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்பது இயல்பு பற்றிய கூற்று. கால் விநாடியில் ஒருவர் மனத்தில் என்ன ஓடியது என்று ஒளிப்பதிவு சொல்லாது. இந்தக் கோட்டை எந்த அணி முதலில் தெளிவாக வரைகிறதோ, அந்த அணியையே நடுவர் நம்பத் தொடங்குவார்.

சாட்சியத்தை நாள் வரிசையில் அடுக்குதல்

பண்பு பற்றிய விவாதங்களில் மிகப் பெரிய கேடு, பின்னால் தெரிய வந்ததை முன்னாலேயே தெரிந்ததுபோலப் பேசுவது. ஆகவே ஒரு பெரிய தாளில் நாள் வரிசையை எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்று அந்த வீரருக்கு என்ன தெரிந்திருந்தது, மற்றவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று இரண்டு நிரல்கள் போடுங்கள். கார்ல்சன் வழக்கை இந்த முறையில் விரித்துக் காட்டுகிறேன்.

2022 செப்டெம்பர் 4. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் சிங்ஃபீல்ட் கிண்ணத்தின் மூன்றாம் சுற்று. கறுப்புக் காய்களுடன் ஆடிய ஹான்ஸ் நீமன் என்ற பத்தொன்பது வயது அமெரிக்கர், நீண்ட நேர ஆட்டங்களில் 53 ஆட்டங்கள் தோல்வியின்றி வந்திருந்த கார்ல்சனை வென்றார். மறுநாள் கார்ல்சன் போட்டியிலிருந்து விலகினார். காரணம் சொல்லவில்லை, காற்பந்துப் பயிற்றுநர் ஹோசே மொரின்ஹோ, தாம் வாய் திறந்தால் பெரிய சிக்கலில் மாட்டுவேன் என்று சொல்லும் பழைய காணொளி ஒன்றை மட்டும் பகிர்ந்தார். அடுத்த சில மணி நேரத்தில் உலகம் முழுவதும் அதை மோசடிக் குற்றச்சாட்டாகவே வாசித்தது. நீமன் ஒரு நேர்காணலில், தாம் 12 வயதிலும் 16 வயதிலும் இணையவழி ஆட்டங்களில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டார். பலகை முன்னால் நேருக்கு நேர் ஆடும் ஆட்டங்களில் ஒருபோதும் ஏமாற்றியதில்லை என்றும் சொன்னார்.

செப்டெம்பர் 19. இணையவழிப் போட்டி ஒன்றில் அதே இருவரும் மீண்டும் சந்தித்தபோது, கார்ல்சன் ஒரேயொரு நகர்வை ஆடிவிட்டுத் தோல்வியை ஏற்று வெளியேறினார். செப்டெம்பர் 26. அவரது எழுத்து மூல அறிக்கை வந்தது: நீமன் ஒப்புக்கொண்டதைவிட அதிகமாகவும் அண்மையிலும் ஏமாற்றியிருப்பதாகத் தாம் நம்புவதாகச் சொன்னார். ஒக்டோபரில் இணையவழிச் சதுரங்கத் தளமான செஸ்.கொம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது; நீமன் நூற்றுக்கும் மேற்பட்ட இணையவழி ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கக்கூடும் என்று அது கூறியது; பலகை முன் ஆடிய ஆட்டங்களைப் பற்றி அப்படி எதுவும் உறுதி செய்யவில்லை. அதே மாதம் நீமன் 100 மில்லியன் டொலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 2023 யூனில் அது தள்ளுபடியானது; ஓகஸ்டில் தரப்பினர் இணக்கத்துக்கு வந்தனர்; சிங்ஃபீல்ட் ஆட்டத்தில் நீமன் ஏமாற்றினார் என்பதற்குத் தீர்க்கமான சான்று இல்லை என்பதைக் கார்ல்சன் ஏற்றுக்கொண்டார். 2023 டிசெம்பரில் ஃபிடேயின் ஒழுக்காற்று ஆணைக்குழு, தக்க காரணமின்றிப் போட்டியிலிருந்து விலகியதற்காகக் கார்ல்சனுக்கு 10,000 யூரோ தண்டம் விதித்தது. மற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அணிகளும் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். விலகல் தகாது என்று பேசும் அணிக்கு முதல் ஆயுதம் ஃபிடேயின் தண்டம் என்று தோன்றும். அதை முதலில் எடுக்காதீர்கள். ஆணைக்குழு சொன்னதைத் திருப்பிச் சொல்வது வாதம் ஆகாது. அதே தீர்ப்பின் மறுபாதியை எதிரணி உடனே வாசித்துவிடும். அதைவிட வலுவான வாதம் புள்ளிப் பட்டியலில் இருக்கிறது. ஒன்பது சுற்றுப் போட்டியில் மூன்று சுற்றோடு கார்ல்சன் விலகியதால், அவர் ஆடிய மூன்று ஆட்டங்களின் புள்ளிகளும் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டன. நீமன் பெற்ற வெற்றி பட்டியலில் இல்லாமற் போனது. முதற் சுற்றில் கார்ல்சனிடம் தோற்றிருந்த நெப்போம்னியாச்சியின் தோல்வியும் இல்லாமற் போனது. அவரோ இறுதியில் அலிரேசா ஃபிரூஸ்ஜாவோடு முதலிடத்தைச் சமமாகப் பிடித்து, முடிவு காணும் மேலதிக ஆட்டம் வரை சென்றார். கார்ல்சனின் சந்தேகம் ஒருவர் மீது. அதன் பலனையும் பாதிப்பையும் சுமந்தவர்கள் அந்தச் சந்தேகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். விளையாட்டுப் பண்பு என்பதைக் கூட இருக்கும் மற்ற ஆட்டக்காரர்களின் பக்கத்திலிருந்து பார்க்க வைக்கும் இந்த வாதத்துக்கு எளிதில் மறுமொழி கிடையாது.

விலகலை நியாயப்படுத்தும் அணி இன்னும் கவனமாக நடக்க வேண்டும். நீமன் ஏமாற்றினார் என்று நிறுவ முயல்வது அவர்களுக்குப் படுகுழி. சான்று இல்லை என்பதைக் கார்ல்சனே ஏற்றுக்கொண்ட பின்னர் அந்த அணி எதைக் கொண்டு நிறுவும்? அவர்கள் நிற்க வேண்டிய இடம் வேறு. கைப்பேசி ஒன்றில் ஓடும் சதுரங்கக் கணினி நிரலே உலகச் சாம்பியனை வெல்லும் காலம் இது. எதிரே இருப்பவர் இணையத்தில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர். மனத்தில் ஐயம் புகுந்த பின்னர் அடுத்த ஆறு சுற்றும் உட்கார்ந்து ஆடுவதும் ஒருவகைப் பொய்தான் என்று அவர்கள் வாதிடலாம். வாய் திறந்து குற்றம் சாட்டினால் சான்றின்றிச் சாட்டியவர் ஆவார். பேசாமல் ஆடினால் மோசடிக்குக் கண்ணை மூடியவர் ஆவார். இரண்டுக்கும் நடுவே தம் புள்ளிகளை இழந்து விலகுவதைத் தவிர அவருக்கு வேறு வழி எது என்று எதிரணியைக் கேட்கலாம். அதற்கு எதிரணி நல்ல விடை வைத்திருக்கும்: தலைமை நடுவரிடம் எழுத்தில் முறையிட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம். அந்த விடையை எதிர்பார்த்து முன்கூட்டியே ஒரு பதில் தயாரிக்காத அணி அங்கேயே சறுக்கும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், விலகலை ஓரளவு மன்னிக்கலாம். அந்தக் காணொளியை மன்னிப்பது கடினம். சொல்லாமல் சொல்லும் குற்றச்சாட்டுக்கு எதிராளி மறுமொழி சொல்ல முடியாது. மூன்று வாரம் ஓர் இளைஞர் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் உலகத்துக்கு முன்னால் நின்றார்.

என்ன விலை கொடுத்தார் என்று கேளுங்கள்

ஆட்டம் முடிந்து கைகுலுக்குவது, தோற்றவரைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்வது, ஒளிப்படத்துக்குச் சிரிப்பது ஆகியவற்றுக்கு ஒரு செலவும் இல்லை. அவற்றை அடுக்கி ஒருவரைப் பண்பாளர் என்று நிறுவ முயலும் அணியின் வாதம் மெலிந்திருக்கும். பண்பை அளக்க நான் மாணவருக்குச் சொல்லும் அளவுகோல் ஒன்றே: அந்தச் செயலால் அவர் எதை இழக்கத் தயாராக இருந்தார்?

இதில் கார்ல்சனுக்கே வலுவான ஒரு சாட்சியம் உண்டு. 2022 ஐப் பேசுகிறவர்களில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 2020 யூலையில் இணையவழிப் போட்டி ஒன்றின் அரையிறுதியில், டிங் லிரெனுக்கு இணைய இணைப்பு அறுந்து, அதனால் நேரம் தீர்ந்து ஓர் ஆட்டம் கைநழுவிப் போனது. விதிப்படி அந்த வெற்றி கார்ல்சனுக்கே. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் நான்காவது நகர்விலேயே தம் அரசியை வேண்டுமென்றே கொடுத்துவிட்டுத் தோல்வியை ஏற்றார். எந்த விதியும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு முழுப் புள்ளியை அவர் கையிலிருந்து கொடுத்தார். விலகலை எதிர்த்துப் பேசும் அணி இந்த நிகழ்வை எதிரணி எடுக்கும் வரை காத்திருக்காமல் தானே எடுத்துச் சொல்லி, "இப்படிச் செய்யத் தெரிந்தவர்தான் இரண்டு ஆண்டு கழித்து அப்படிச் செய்தார்" என்று திருப்பினால் அதன் கூர்மையே வேறு.

2025 யூன் 1 அன்று நோர்வேயின் ஸ்ராவாங்கர் நகரில், வெல்லக்கூடிய நிலையிலிருந்து குகேஷிடம் தோற்றபோது கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்தினார். காய்கள் துள்ளி விழுந்தன. பிறகு கைகொடுத்து, வருத்தம் தெரிவித்து, போகிற வழியில் குகேஷின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். இது சமூக வலைத்தளங்களில் பல நாள் ஓடியது. விவாதத்தில் இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். குத்தியதிலும் கணக்குப் பார்க்கும் நோக்கம் இல்லை, தட்டியதிலும் இல்லை. இரண்டும் அந்த நொடியின் வேகம். நியூயோர்க்கில் 2024 டிசெம்பரில் போட்டியின் உடை விதியை மீறி ஜீன்ஸ் அணிந்து வந்து 200 டொலர் தண்டம் கட்டிய கதையும் அப்படித்தான். சபை சிரிக்கும், வாதம் ஓரங்குலமும் நகராது.

விலை கொடுத்த பண்புக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் பொரிஸ் ஸ்பாஸ்கியிடம் போங்கள். 1972 இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், அப்போதைய சாம்பியனான ஸ்பாஸ்கியை எதிர்த்த ஃபிஷர் முதல் ஆட்டத்தில் தோற்று, ஒளிப்படக் கருவிகளின் தொல்லையைக் காரணம் காட்டி இரண்டாம் ஆட்டத்துக்கு வராமலே விட்டார். ஸ்பாஸ்கி இரண்டுக்குச் சுழியம் என்று முன்னால் நின்றார். அந்த நேரத்தில் அவர் ஊருக்குக் கிளம்பியிருந்தால் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். மொஸ்கோவில் அதிகாரிகள் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் மூன்றாம் ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாத ஒரு பின்னறையில் ஆட வேண்டும் என்ற ஃபிஷரின் கோரிக்கைக்கு அவர் இணங்கினார். அதுவரை ஸ்பாஸ்கியை ஒருமுறைகூட வென்றிராத ஃபிஷர் அந்த அறையில் வென்றார். ஆறாம் ஆட்டத்தில் ஃபிஷர் ஆடிய அழகைக் கண்டு சபை கைதட்டியபோது, தோற்ற ஸ்பாஸ்கியும் எழுந்து நின்று கைதட்டினார். இறுதியில் பன்னிரண்டரைக்கு எட்டரை என்று பட்டம் ஃபிஷரிடம் போனது. பின்னறைக்கு இணங்கியதற்கு ஸ்பாஸ்கி கொடுத்த விலை உலகப் பட்டமே என்று சொன்னால் மிகையில்லை.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. அதைத் தேடாமல் விடாதீர்கள். பின்னறைக்கு இணங்கியது பெருந்தன்மையா, அல்லது அடம்பிடிப்பவருக்குப் பணிந்து அடுத்து வரும் எல்லோருக்கும் அடம்பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிழையா என்று ஒரு நல்ல பேச்சாளர் கேட்கலாம். 2010 இல் ஆனந்த் பல்கேரியாவின் சோபியாவில் அந்நாட்டவரான தொப்பலோவை உலகப் பட்டப் போட்டியில் சந்திக்கப் புறப்பட்டபோது, ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றன. அவர் மூன்று நாள் அவகாசம் கேட்டார்; ஒரு நாளே கிடைத்தது; தரை வழியாகப் பல நாடுகளைக் கடந்து போய்ச் சேர்ந்து, ஆடி, வென்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, விட்டுக்கொடுப்பது எப்போது கடமை, எப்போது அல்ல என்று விவாதத்தை ஆழப்படுத்தலாம்.

வாழ்க்கை முழுவதையும் இழுத்து வராதீர்கள்

ஃபிஷர் தலைப்பில் வந்தால் அணிகள் வழக்கமாக வழி தவறுகின்றன. 1992 இல் யூகோஸ்லாவியாவில் ஸ்பாஸ்கியோடு மீண்டும் ஆடத் தடை விதித்த அமெரிக்க அரசின் கடிதத்தின் மீது ஃபிஷர் செய்தியாளர் முன் துப்பினார். யூதர்களைப் பற்றி வெறுப்புமிழும் பேச்சுகளைப் பேசினார். 2004 இல் யப்பானில் தடுத்து வைக்கப்பட்டார். 2005 இல் ஐஸ்லாந்து குடியுரிமை தந்தது. 2008 சனவரியில் அங்கேயே இறந்தார். இவை யாவும் உண்மை. ஆனால் 1975 இல் பட்டத்துக்குச் சவால் விட்ட கார்ப்போவோடு அவர் ஆடாமல் விட்டது சரியா என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் விடை ஆகாது. அந்தக் கேள்விக்கு விடை, அவர் முன்வைத்த நிபந்தனைகளில் இருக்கிறது: வெற்றிதோல்வியின்றி முடியும் ஆட்டங்களைக் கணக்கில் எடுக்காமல் பத்து வெற்றி பெறுபவருக்கே பட்டம், ஒன்பதுக்கு ஒன்பது என்று வந்தால் பட்டம் பழைய சாம்பியனிடமே என்பன அவை. பத்து வெற்றி என்பதை ஃபிடே ஏற்றது; ஒன்பதுக்கு ஒன்பதை ஏற்கவில்லை. அந்த நிபந்தனையின்படி சவால் விடுபவர் குறைந்தது பத்துக்கு எட்டு என்று வென்றாக வேண்டும் என்று விளக்கிக் காட்டும் பேச்சாளர், துப்பிய கதையைச் சொல்பவரைவிடப் பல மடங்கு முன்னால் நிற்பார்.

வெறுப்புப் பேச்சை மறைக்கச் சொல்லவில்லை. தலைப்பு அவரது பொது வாழ்வைப் பற்றியதானால் அதைத் தவிர்ப்பதுதான் நேர்மையின்மை. தலைப்பு எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்பதே இங்கு வேண்டுவது.

மேடையில்

நம் ஊர்ப் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு செய்யுள், ஒரு நகைச்சுவை, ஓர் உரத்த கேள்வி என்று அடுக்கும் பழக்கம் இயல்பாகவே வரும். உயிரோடு இருக்கும் ஒருவரின் நேர்மையைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கட்டிவைக்க வேண்டும். "கள்ளன்", "பித்தலாட்டக்காரன்" போன்ற சொற்கள் சபையைச் சூடாக்கும். ஆனால் நீமனைப் போன்று எந்த மன்றத்தாலும் பலகை முன் ஏமாற்றியவர் என்று தீர்ப்பளிக்கப்படாத ஒருவரை அப்படி அழைத்தால், விளையாட்டு நேர்மையைப் பற்றிப் பேச வந்தவரே நேர்மையிழந்து நிற்பார். "ஒப்புக்கொண்டார்", "குற்றஞ்சாட்டப்பட்டார்", "தீர்ப்பளிக்கப்பட்டது" என்ற மூன்று வினைகளையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்காமல் பேசப் பயிற்சி கொடுங்கள். பயிற்சியின்போது ஒருவர் எழுந்து பேச, இன்னொருவர் இந்த மூன்றில் எது எங்கு வருகிறது என்று குறித்துக்கொண்டே போகட்டும். இரண்டு மூன்று தடவைக்குள் நாக்கு பழகிவிடும்.

பேச்சாளர் வரிசையைப் பொறுத்தவரை, முதலாமவர் நிகழ்வை மட்டும் நாள் வரிசையில் சொல்லட்டும், பெயரடைகள் வேண்டாம். இரண்டாமவர் விதியையும் வழக்கத்தையும் எடுக்கட்டும். இன்றைய ஃபிடே சட்டத்தின் பதினோராம் உறுப்பு, சதுரங்கத்துக்கு அவப்பெயர் தேடித் தரும் எச்செயலையும் ஆட்டக்காரர் செய்யலாகாது என்கிறது. அந்த வாசகம் இரு அணிக்கும் பயன்படும், ஆகவே யார் முதலில் எடுக்கிறார் என்பது முக்கியம். மூன்றாமவர் எதிரணியின் மிக வலுவான வாதத்தை, அவர்கள் சொன்னதைவிட நன்றாகச் சொல்லிவிட்டு, பிறகு மறுக்கட்டும். தொகுப்புரைக்கு வருபவர் புதிய சான்று எதையும் கொண்டுவரக் கூடாது. மணி அடித்த பின்னர் ஒரு வாக்கியம்கூட நீட்டக் கூடாது.

நடுவராக அமர்பவருக்குச் சில சொற்கள். இத்தகைய விவாதத்தில் உங்களுக்கே பிடித்த வீரர் ஒருவர் இருப்பார்; அவர் பெயரைத் தொடக்க உரையில் சொல்லாதீர்கள். "யார் நல்லவர்" என்று தீர்ப்பளிக்காமல், எந்த அணி தன் கூற்றுக்குத் தேவையான வகைச் சான்றைத் தந்தது என்று தீர்ப்பளியுங்கள். ஒரு தகவலை ஓர் அணி சொல்லி மற்ற அணி மறுத்தால், மேடையிலேயே கைப்பேசியை எடுத்துத் தேடிப் பார்க்க வேண்டாம். சொன்ன அணியிடம் நாளையும் இடத்தையும் கேளுங்கள். அவர்கள் தெளிவாகச் சொன்னால் அந்தத் தகவலை ஏற்று விவாதத்தைத் தொடரவிடுங்கள். தடுமாறினால் அந்தத் தகவலை இரு அணிக்கும் இல்லாததாகக் கருதி, அதன் மேல் கட்டிய வாதத்துக்குப் புள்ளி தராமல் விட்டுவிடுங்கள்.